மலையகத்துக்கு எந்த கெமரா: சோனி ஏ7 ஃபோரா, கேனன் ஆர்6 மார்க் டூவா?

சோனி ஏ7 ஃபோர் 2021 ஒக்டோபரில் வந்தது, கேனன் ஆர்6 மார்க் டூ 2022 நவம்பரில். வெளியானபோது இரண்டுக்கும் லென்ஸ் சேராத பாடி விலை மட்டும் அமெரிக்காவில் 2500 டொலர் அளவில் இருந்தது. 2025 கடைசியில் இரண்டுக்கும் அடுத்த மொடல் அறிவித்துவிட்டார்கள், இப்போது பழையதைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் அங்கேதான் இருக்கிறது. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கல்யாணமும் திருவிழாவும் எடுத்துப் பிழைக்கிற நம்ம ஆட்களில் எத்தனை பேர் பெட்டி பிரிக்காத புது மொடலை வாங்கப் போகிறார்கள்? கொழும்பில் யாராவது புதுசுக்கு மாறும்போது கைமாறி வருகிற இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் வாங்கப் போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாவிப்பது கேனன். ஆனால் கையில் ஒரு லென்ஸ்கூட இல்லாமல் புதிதாகத் தொடங்குகிற தம்பி வந்து கேட்டால், சோனியை எடு என்றுதான் சொல்வேன்.

காரணம் பாடி இல்லை, லென்ஸ். சோனி தன் மவுண்டை, அதாவது லென்ஸ் மாட்டுகிற வாயை, மற்றக் கம்பனிகளுக்குத் திறந்து விட்டதால் டம்ரன் 28-75, சிக்மா 24-70 என்று எஃப்2.8 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூட வரும்) லென்ஸ்கள் சோனியின் சொந்த ஜீ மாஸ்டர் லென்ஸைவிட நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, செகண்ட் ஹேண்டிலும் சுற்றி வருகின்றன. கேனன் ஆர்எஃப் மவுண்டை நெடுநாள் பூட்டியே வைத்திருந்தது. 2024-இல் சிக்மாவுக்கும் டம்ரனுக்கும் கதவைத் திறந்தபோதும் சின்ன சென்சருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸ்களைத்தான் உள்ளே விட்டது. அதே வருடம் கேனனே 28-70 எஃப்2.8 ஒன்றை 495 கிராமில் கொண்டு வந்தது, நல்ல லென்ஸ், ஆனால் அதற்கு மாற்று என்று தேடினால் கைக்கு எட்டுகிற விலையில் அதிகம் இல்லை.

ஆனால் ஏற்கெனவே ஸ்டூடியோ வைத்திருப்பவர் கதை வேறு. இங்கே பழைய ஸ்டூடியோக்களில் அலுமாரியைத் திறந்தால் கேனனின் பழைய 5டி மார்க் த்ரீயோ 6டியோ இருக்கும், கூடவே அவற்றின் ஈஎஃப் மவுண்டுக்கான 24-70, வெள்ளை 70-200, ஒரு 50. அதெல்லாம் ஒரு அடாப்டர் போட்டால் ஆர்6 மார்க் டூவில் அப்படியே ஓடும். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையமும் மின் இணைப்பும்தான், அதனால் படத்தின் தரம் குறையாது. பத்து வருடப் பழைய லென்ஸ் மணப்பெண்ணின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால், பழைய பாடியில் இதே லென்ஸா என்று தோன்றும். நான் கேனனோடு நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எடையும் பாருங்கள். சோனி பாடி பேட்டரி, கார்டோடு 658 கிராம், டம்ரன் 28-75 ஜீ டூ 540, ஆக 1.2 கிலோவுக்குள். கேனன் 670, அதில் பழைய ஈஎஃப் 24-70 எஃப்2.8 டூவை 110 கிராம் அடாப்டரோடு மாட்டினால் 1.6 கிலோ பக்கம். கல்யாண மண்டபத்தில் இது தெரியாது. நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறி விடியும்போது சிவனொளிபாதமலை உச்சியில் நிற்க வேண்டும் என்றால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படியில் அந்த 400 கிராம் கழுத்தைப் பிடித்துத் தொங்கும்.

சரி, மூடுபனி. கொழும்புக்காரர்கள் எழுதுகிற ரிவியூவில் இது வராது. கேனன் மைனஸ் 6.5 ஈவி (வெளிச்சத்தின் அளவு, எண் குறையக் குறைய இருட்டு) வெளிச்சத்திலும் ஃபோகஸ் ஆகும் என்கிறது, சோனி மைனஸ் 4 என்கிறது. கேட்டவுடன் கேனன் எங்கேயோ போய்விட்டது போல இருக்கும், ஆனால் கேனன் அந்தக் கணக்கை எஃப்1.2 லென்ஸில் சொல்கிறது, சோனி எஃப்2-இல். லென்ஸ் வித்தியாசத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு ஸ்டொப் பக்கம்தான், அதாவது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு. அதைவிட முக்கியமானது, பனியில் பிரச்சினை வெளிச்சம் இல்லை, கொன்ட்ராஸ்ட். லிப்டன் சீட் பக்கம் பனி இறங்கும்போது நாலு நிரைக்கு அப்பால் கொழுந்து எடுக்கிற அக்காமார் வெறும் சாம்பல் நிழலாகிவிடுவார்கள். இரண்டு கெமராவும் முன்னும் பின்னும் தேடி அலையும். தலைத்துண்டின் ஓரமோ கூடையின் கறுப்பு விளிம்போ மாட்டுகிற மாதிரி ஒற்றைப் புள்ளியை வைத்தால் இரண்டும் பிடிக்கும். முகம் கொஞ்சமாவது தெரிந்தால் கேனன் சற்று முந்திக்கொள்கிறது, சோனி ஒருமுறை பிடித்துவிட்டால் லேசில் விடுவதில்லை. இதில் ஒன்று வென்றது என்று என்னால் சொல்ல முடியாது.

கேனனில் எனக்குப் பிடித்த சின்ன விசயம், எது என்று நாம் சொல்லாமலே ஆளா, பறவையா, வண்டியா என்று தானே கண்டுகொள்கிற ஓட்டோ முறை. ஏ7 ஃபோரில் மனிதர், மிருகம், பறவை என்று மூன்றில் ஒன்றை நாமே தெரிவு செய்ய வேண்டும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக் குருவிக்காகக் காத்திருக்கும்போது பக்கத்தில் பிள்ளை ஒன்று சிரித்தால் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க நேரும். கேனனின் வாகனப் பட்டியலில் ரயிலும் இருக்கிறது! தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்றால் ரயில் வளைந்து வரும்போது அதன் முகத்திலேயே ஃபோகஸ் சதுரம் போய் உட்காருகிறது. சோனியிலும் அந்தப் படம் வரும், அந்த ரயில் ஒன்றும் புல்லட் ரயில் இல்லையே. ஆனாலும் நம்ம ஊருக்கென்றே செய்த மாதிரி ஒரு வசதி.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் தெரிகிற இடம் தப்பு மேளம். மாசியில் காமன் கூத்து, சித்திரையில் தேர், எதை எடுத்தாலும் தப்படிக்கிறவர் கை நிற்காது. சத்தம் வரக்கூடாது என்று ஏ7 ஃபோரில் திரை அசையாமல் சென்சரே படம் பிடிக்கிற எலக்ட்ரோனிக் ஷட்டர் போட்டு எடுத்தால், குச்சி வில் மாதிரி வளைந்து வரும், மணிக்கட்டுகூட ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். அந்த சென்சர் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க சுமார் பதினைந்தில் ஒரு செக்கன் எடுக்கிறது, அதற்குள் குச்சி பாதித் தூரம் போய்விடும். கேனன் அதை ஏறக்குறைய எழுபதில் ஒரு செக்கனில் படிக்கிறது. வளைவு முற்றிலும் போகாது, ஆனால் ஆளிடம் காட்டக்கூடிய படம் வரும், அதுவும் செக்கனுக்கு 40 படம். அதோடு எல்ஈடி பல்ப். நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவான பல்ப் செக்கனுக்கு நூறு தடவை மினுங்கும், எலக்ட்ரோனிக் ஷட்டரில் கோயில் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். இந்த விசயத்தில் கேனனும் தப்புவதில்லை. ஆகவே திருவிழாவில் இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டரே கதி. கேனனில் அது செக்கனுக்கு 12 படம், சோனியில் 10, அந்தப் பத்தும் தரம் கொஞ்சம் இழக்கிற கம்ப்ரெஸ்ட் ரோவில்தான் (ரோ என்றால் கெமரா பதப்படுத்தாத மூல ஃபைல்), இழப்பில்லாத ரோவுக்கு மாறினால் ஆறு.

கை நடுக்கத்தைப் பாடிக்குள்ளேயே சரிக்கட்டுகிற உள்நடுக்கத் தடுப்பு கேனனுக்கு 8 ஸ்டொப் வரை, சோனிக்கு 5.5 என்று போட்டிருக்கிறார்கள். சாமி அசையாது, நல்லது. தீபம் காட்டுகிற ஐயர் கை அசையும், அதற்கு எந்தத் தடுப்பும் உதவாது.

வீடியோவும் சேர்த்து எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏ7 ஃபோரில் 4கே 60, அதாவது செக்கனுக்கு 60 ஃப்ரேம், போட்டால் படம் 1.5 மடங்கு வெட்டுப்படும், 24 மில்லிமீட்டர் 36 ஆகிவிடும். லயத்து வீட்டில் நலங்கு வைக்கிறார்கள், முன்னறையில் பத்துப் பேர், நாம் கதவோடு ஒட்டி நிற்கிறோம், பின்னால் போக இடம் இல்லை. அங்கே 36 என்றால் பெண்ணின் முகம் வரும், மஞ்சள் பூசுகிற அத்தை வெளியே போய்விடுவார். ஆர்6 மார்க் டூவில் அதே 4கே 60 முழு அகலத்துக்கும் எடுக்கலாம். 30 போதும் என்றால் சோனி 7கே அளவில் வாங்கிச் சுருக்கித் தருகிறது, அதன் கூர்மை அருமை. அதிக நேரம் ஓடினால் கேனன் சூடாகும் என்பார்கள். நானுஓயா குளிரில் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

இனி மெகாபிக்சல். சோனி 33, கேனன் 24. இங்கே வழக்கமான 12க்கு 36 அங்குல அல்பத்தில் ஒரு மலைக் காட்சியை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால், சோனியின் 7008 பிக்சல் அங்குலத்துக்கு 195 வீதம் வருகிறது, கேனனின் 6000 பிக்சல் 167 வீதம். கையில் வைத்துப் பார்க்கிற தூரத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியில் தூரத்து மரையை வெட்டி எடுக்க வேண்டும் என்றால் அந்த ஒன்பது மெகாபிக்சல் கைகொடுக்கும். அதற்கு ஈடாக ஃபைல் பெரிது. ஒரு கல்யாணத்துக்கே ஹார்ட் டிஸ்க் நிறைகிற வேகம் இரண்டாம் வருடத்தில் தெரியும். கேனனின் சீ-ரோ என்ற சுருக்கிய ரோ இந்த விசயத்தில் சிக்கனம். கார்டிலும் அப்படித்தான், கேனனில் இரண்டு இடமும் சாதாரண எஸ்டி, சோனியில் ஓர் இடம் சீஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் ஏவையும் ஏற்கும், அந்தக் கார்டின் விலையைக் கேட்டுவிட்டு எஸ்டியே போதும் என்று திரும்பி வருவீர்கள்.

நிறம் ரசனைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நம்ம மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கேனன் ஜேபெக்கிலேயே சரியாக வருகிறது, கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு மட்டும் சில வேளை முற்றிப் போகும். சோனி முன்பு இருந்த பச்சைச் சாயலை விட்டுவிட்டது, ஆனால் மஞ்சள் பூசிய முகத்தில் கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக. நம்ம ஈரக் காற்றில் இருந்த சாமான் என்றால் பாடியைவிட லென்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஃபோன் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்தால் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரித் தெரியும், தெரிந்தால் விலை பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள். ஏஜென்ட் வாரண்டியா, கடைக்காரரின் வாரண்டியா என்று பில்லைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது என்றால் அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான். இரண்டு பாடியும் யூஎஸ்பி-சீ வழியாகச் சார்ஜ் ஆகும், பவர் பேங்க் இருந்தால் தோட்டத்தில் கரண்ட் போனாலும் சமாளிக்கலாம். சோனிக்குத் தனிச் சார்ஜரும் சேர்த்துத் தருகிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள், தராவிட்டால் அதன் காசைக் குறைத்துப் பேசுங்கள்.