வால்பாறைக்கு அவசரமில்லாமல் போக ஒரு வாடகைக் கார்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்த வழியை ஒரு முழுப் பகலுக்கு நீட்டித் தரவேண்டும் என்று கேட்டபோது, நாங்கள் அமர்த்திய வாடகைக் கார் நிறுவனத்தினர் முகம் சுளிக்காமல் அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக் கொடுத்தனர்.

விடியற்காலையிலேயே புறப்பட்டதால், ஆழியாறு அணையைக் கூட்டமின்றிக் காண முடிந்தது. அதன்பின் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டுநர் ஏறிய விதமே இச்சேவையின் பெருஞ்சிறப்பு. மேலேறும் பேருந்துகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்; ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு, எதிர்ப் பாறைச் சரிவை அமைதியாகச் சுட்டினார். ஒரு வரையாடு தன் குட்டி பின்தொடர, செங்குத்துப் பாறையில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ அரை மணி நேரம் நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகளைக் கண்டதும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த என் மகனிடம், "வேண்டாம் தம்பி, தீனிக்குப் பழகினால் இவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும்" என்று அவர் பொறுமையாக எடுத்துரைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை ஒன்று உண்டு. காத்திருப்புக் கட்டணத்தை முன்பே கூறாமல் கடைசியில் பில்லில் சேர்த்தனர். நின்று நின்று செல்லும் பயணத்தில் அது சிறு தொகையன்று. ஆகவே முன்பதிவின்போதே அதையும் ஓட்டுநர் படியையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.