ஆழ்கடல் எண்ணெய்ச் செய்திக்குக் காத்திருப்பவர்கள் எந்தப் பங்கில் காத்திருக்கலாம்?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மணலி பக்கம் எண்ணெய் என்பது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. டேங்கர் லாரி ஓட்டுகிறவர், ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், துறைமுகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால் கையில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் சேர்ந்தால் எண்ணெய்ப் பங்குகள் பக்கம் மனசு போவது இயல்புதான். அந்தமான் கடலில் எண்ணெய் தேடும் செய்தி அடிபட ஆரம்பித்ததிலிருந்து "ஓஎன்ஜிசி வாங்கலாமா, ஆயில் இந்தியாவா, இல்லை நம்ம மணலி ஷேரே (சிபிசிஎல்) போதுமா?" என்ற கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகர் அல்ல. ஆனால் இந்தப் பங்குகளைப் பல வருஷமாகப் பின்தொடர்கிறவன். சிறு முதலீட்டாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "செய்தி வந்தால் எவ்வளவு ஏறும்?" என்பது அல்ல என்று உறுதியாக நினைக்கிறேன். செய்தி வராத காலத்தில் அந்தக் கம்பெனி நமக்கு ஏதாவது தருமா, அல்லது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளுமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்தத் தொழிலில் காத்திருப்பு மிக மிக நீளம்.

எவ்வளவு நீளம் என்பதற்கு ஆந்திரக் கடலோரம் உள்ள கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் 98/2 பிளாக் (எண்ணெய் தேட அரசு ஏலம் விடும் பகுதி) நல்ல உதாரணம். முதல் ஏலச் சுற்றில் 2000-ஆம் ஆண்டு கெய்ர்ன் கம்பெனிக்குப் போனது. 2005-இல் ஓஎன்ஜிசி அதன் பெரும்பங்கை வாங்கியது. அங்கிருந்து முதல் எண்ணெய் மேலே வந்தது 2024 ஜனவரியில். அந்த பிளாக் கைமாறிய வருஷம் பிறந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும்.

இடையில் எத்தனை படிகள் என்று பாருங்கள். ஏலத்தில் பிளாக் கிடைக்க வேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், நில அதிர்வு ஆய்வு நடக்க வேண்டும், கிணறு தோண்ட வேண்டும். அப்புறம் எண்ணெயோ வாயுவோ தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டது லாபத்துக்கு எடுக்கும் அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மேடை, குழாய், உற்பத்தி. நம் போனுக்கு வரும் செய்தி பெரும்பாலும் பிளாக் கிடைத்ததைப் பற்றியோ, ஏதோ தட்டுப்பட்டதைப் பற்றியோ இருக்கும். கம்பெனிக்குப் பணம் வருவது கடைசிப் படியில்.

முதல் படியே தள்ளிப்போவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்த பத்தாவது ஏலச் சுற்றில் 25 பிளாக்குகள், சுமார் 1.92 லட்சம் சதுர கிலோமீட்டர். விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டது. குமரிக் கடல் பிளாக்குகள் போல மீனவர்கள் எதிர்க்கும் இடங்களில் தாமதம் இன்னும் கூடலாம். காசிமேட்டில் கடலை நம்பிப் பிழைக்கிறவர்களோடு வாழ்கிற நமக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும்

இரண்டும் அரசு கம்பெனிகள், இரண்டும் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம், தருகின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். செய்திக்குக் காத்திருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

2025 செப்டம்பரில் அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தள்ளி, விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு தட்டுப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நீரின் ஆழம் 295 மீட்டர். அந்தக் கிணறு ஆயில் இந்தியாவுடையது. ஓஎன்ஜிசியும் அந்தமான் கடலில் தேடுகிறது என்பதால் செய்தி வாயிலிருந்து வாய்க்குப் போகும்போது பெயர் மாறிவிடுகிறது. பங்கு வாங்கும் முன் கிணறு யாருடையது, அதில் அவர்களுக்கு எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனி கொடுத்த அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்தது பங்குகளின் எண்ணிக்கை. ஓஎன்ஜிசியில் சுமார் 1,258 கோடிப் பங்குகள். ஆயில் இந்தியாவில் சுமார் 163 கோடி. ஒரு பேச்சுக்கு, புதிய கண்டுபிடிப்பு ஒன்றின் மதிப்பு 10,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓஎன்ஜிசியில் அது பங்குக்கு 8 ரூபாய்தான். ஆயில் இந்தியாவில் 61 ரூபாய். ஒரே செய்தி, பங்குக்கு வேறு வேறு பலன். ஓஎன்ஜிசி ஒரே கிணற்றால் இரட்டிப்பாகும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் தருவதில் ஓஎன்ஜிசி நன்றாகவே இருக்கிறது. 2023-24-லும் 2024-25-லும் பங்குக்கு 12.25 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. ஆனால் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அதைச் செய்கிறவர் பெரும்பங்கு முதலாளியான அரசு. 2018 ஜனவரியில் பெட்ரோல், டீசல் விற்கும் எச்பிசிஎல் கம்பெனியில் அரசின் 51.11 சதவீதத்தை 36,915 கோடி கொடுத்து வாங்கும் வேலை ஓஎன்ஜிசியின் தலையில் விழுந்தது. அது தோண்டுவதற்குப் போயிருக்கக்கூடிய பணம். 2022 ஜூலையில் கச்சா விலை உச்சத்தில் இருந்தபோது உள்நாட்டு எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி வந்தது. அது நீங்கியது 2024 டிசம்பரில். இந்த வரி ஆயில் இந்தியாவையும் விடவில்லை.

இன்னொன்று, எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். 2005-இல் குஜராத் அரசின் எண்ணெய்க் கம்பெனியான ஜிஎஸ்பிசி, கிருஷ்ணா கோதாவரிக் கடலில் 20 டிரில்லியன் கன அடி வாயு இருப்பதாகப் பெரிய அறிவிப்பு கொடுத்தது. நாடே கொண்டாடியது. அதில் பெரும்பகுதி எடுக்கவே முடியாதது என்று பிறகு தெரிந்தது. கடனில் தவித்த அந்தத் திட்டத்தின் 80 சதவீதத்தை 2017-இல் சுமார் 7,700 கோடி கொடுத்து வாங்கியது யார்? ஓஎன்ஜிசி. வேறொருவர் அறிவித்த செய்திக்கான விலையை நம்மைப் போன்ற ஓஎன்ஜிசி பங்குதாரர்கள் கொடுத்தோம்.

சிறிய தேடல் கம்பெனிகள்

ஆசை அதிகம் பிறக்கிற இடம் இதுதான். சென்னையிலிருந்து இயங்கும் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன், சுருக்கமாக எச்ஓஇசி, சுமார் 13.2 கோடிப் பங்குகள் கொண்டது. அதே 10,000 கோடிக் கணக்கை இங்கே போட்டால் பங்குக்கு 750 ரூபாய்க்கு மேல் வரும். இந்தக் கணக்குதான் தூங்கவிடாது. ஆனால் இவ்வளவு சிறிய கம்பெனி ஆழ்கடலில் தனியாகக் கிணறு தோண்ட முடியாது. கூட்டாளி வந்தால் கண்டுபிடிப்பில் பாதிக்கு மேல் அவருக்குப் போகும். புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டினால் நம் துண்டு சிறுத்துவிடும். கடன் வாங்கினால் எண்ணெய் வருகிறதோ இல்லையோ வட்டி வந்துவிடும்.

நம் காவிரிப் படுகைக் கடலிலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. எச்ஓஇசியின் பிஒய்-1 வயலில் 2009-இல் வாயு உற்பத்தி தொடங்கியது. எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. பக்கத்திலேயே பிஒய்-3 இருக்கிறது. அங்கே எண்ணெய் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, 1997 முதல் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஓஎன்ஜிசி, எச்ஓஇசி உட்பட நாலு கம்பெனிகளின் கூட்டு அது. 2011-இல் உற்பத்தி நின்றது. அடுத்து என்ன செய்வது என்று கூட்டாளிகள் ஒத்துப்போகாமல் வருஷங்கள் ஓடின. எண்ணெய் இருந்தும் பங்குதாரருக்கு எதுவும் வராமல் போக முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வெளிநாட்டுப் பங்குகளை ஆப்பிலேயே வாங்கலாம் என்று இப்போது சில இளைஞர்கள் ஆப்பிரிக்கக் கடல் கம்பெனிகள் வரை போகிறார்கள். அவர்கள் அமெரிக்காவில் ஹூஸ்டனின் இஆர்எச்சி கம்பெனியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நைஜீரியாவும் சாவோ டோமே தீவு நாடும் 2001-இல் ஒப்பந்தம் போட்டுக் கூட்டாகப் பங்கிட்டுக்கொண்ட கடல் பகுதியில் அதற்கு உரிமைகள் இருந்தன. ஒரு டாலருக்கும் கீழே விற்ற பங்கு. ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள் ஒவ்வொரு கையெழுத்துக்கும், ஒவ்வொரு கிணற்றுக்கும் காத்திருந்தார்கள். 2006-இல் செவ்ரான் தோண்டிய ஓபோ-1 கிணற்றில் எண்ணெய் தட்டுப்பட்டது, ஆனால் லாபத்துக்கு எடுக்கும் அளவில் இல்லை. பிறகு தோண்டியவையும் அப்படித்தான். அந்தக் கடலிலிருந்து வணிக உற்பத்தி நடக்கவே இல்லை. பங்கின் மதிப்பு கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. அந்தக் கம்பெனி சொன்ன செய்திகளில் பல உண்மையானவை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கையெழுத்து ஆனது, கிணறும் தோண்டினார்கள், எண்ணெய்த் தடமும் இருந்தது.

தோண்டும் கருவி வாடகைக்கு விடுபவர்கள்

"எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவனுக்குக் கூலி உண்டு" என்று ஒரு வாதம் வரும். கேட்க நன்றாக இருக்கும். எழும்பூரில் அலுவலகம் வைத்திருந்த அபான் ஆஃப்ஷோர் பங்கு 2007-08-இல் நாலாயிரம் ரூபாயைத் தாண்டி விற்றதை நம் ஆட்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நார்வே கம்பெனி ஒன்றை வாங்கப் பெரும் கடன் ஏற்றிக்கொண்டது. 2010 மே மாதம் வெனிசுலா கடலில் அதன் அபான் பேர்ல் என்ற தோண்டும் மேடை மூழ்கியது. அதில் இருந்த 95 பேரும் உயிர் தப்பினார்கள், அது பெரிய நிம்மதி. 2014-இல் 110 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனபோது வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை, கடன் மட்டும் அப்படியே இருந்தது. பங்கு நூறு ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. இந்த வகையை நான் சிறு முதலீட்டாளர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

மணலி

மணலி ஆலையை நடத்தும் சிபிசிஎல் 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியது. மணலி ஆலை 1969-இல் வருஷத்துக்கு 25 லட்சம் டன்னோடு ஓட ஆரம்பித்து, இப்போது 105 லட்சம் டன் திறனுக்கு வந்திருக்கிறது. நமக்குத் தெரிந்த ஆலை என்பதால் நம்பிக்கை. ஆனால் ஆழ்கடல் செய்திக்கும் இதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. இது கச்சாவை விலைக்கு வாங்குகிற கம்பெனி. வாங்கும் கச்சாவுக்கும் விற்கும் டீசல், பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இதன் பிழைப்பு.

அந்த வித்தியாசம் எப்படி ஆடும் என்பதை டிவிடெண்டே சொல்லும். 2022-23-க்கு பங்குக்கு 27 ரூபாய், 2023-24-க்கு 55 ரூபாய், 2024-25-க்கு 5 ரூபாய். 2019-20-இல் 2,000 கோடிக்கு மேல் நஷ்டம். 55 ரூபாயைப் பார்த்து ஓய்வூதியம் போல நினைத்து வாங்கியவர்கள் அடுத்த வருஷமே திகைத்தார்கள்.

நம் ஊர் ஆள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ஆலையைச் சுட்டியது, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இந்தப் பங்கை வாங்குகிறவர் ஆண்டு அறிக்கையில் லாபப் பக்கத்தோடு நிறுத்தாமல் வழக்குகள், இழப்பீடு பற்றிய குறிப்புகளையும் படிக்க வேண்டும். பணக் கணக்குக்காகவும்தான், எண்ணூர்க்காரர்களுக்காகவும்தான்.

என்னிடம் கேட்டால்

அறுபது தாண்டியவர், கையில் இருப்பது ரிட்டையர்மென்ட் பணம் என்றால் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டம்தான் முதலில். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. பெண்ணின் கல்யாணப் பணம், பிள்ளையின் பீஸ் என்று தேதி குறித்த பணத்தையும் இந்தப் பங்குகளுக்குக் கொண்டுவராதீர்கள். கிணறு நம் தேதிக்கு வராது.

அதற்குமேல் ஐந்தாறு வருஷம் தொடாமல் வைக்கக்கூடிய பணம் இருந்தால், அந்தமான் செய்தியில் நம்பிக்கை உள்ளவருக்கு ஓஎன்ஜிசியைவிட ஆயில் இந்தியா பொருத்தம். செய்தி வராவிட்டாலும் அதன் அசாம் வயல்கள் ஓடிக்கொண்டிருக்கும், டிவிடெண்டும் வரும். டிவிடெண்டே போதும், செய்தி போனஸ் என்று நினைப்பவருக்கு ஓஎன்ஜிசி. எச்ஓஇசி போன்றவற்றில் போடுவதானால், முழுதாகப் போனாலும் வீட்டில் சண்டை வராத தொகை மட்டும். மணலிப் பங்கை வேண்டுமானால் வாங்குங்கள், ஆனால் டிவிடெண்ட் 55 வந்த வருஷம் அல்ல, 5 வந்த வருஷம் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள்.