வண்டியில் இல்லாத சென்சாருக்கு 16,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோயம்புத்தூரில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். மற்ற ஊர்க்காரர்களும்தான்.

என் கார் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் முன்பக்க டயர் இரண்டையும் மாற்றினேன். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய டயர் கடை, கண்ணாடிக் கதவு, ஏசி அறை, காபி எல்லாம் உண்டு. மாற்றிய நான்காம் நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, லாடம் மாதிரி வளைந்து நடுவில் ஆச்சரியக்குறி இருக்குமே, டயரில் காற்று குறைந்தால் எரிவது, அது. காற்று பார்த்தேன், நான்கிலும் 33 பிஎஸ்ஐ சரியாக இருந்தது. மறுநாள் விடிகாலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். அதனால் சாயந்திரமே அதே கடைக்கு ஓடினேன்.

கடையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு டேப்லெட்டைச் சொருகி, சிவப்பு வரி ஒன்றைக் காட்டினான். "சென்சார் போயிருச்சுங்க்கா. நாலும் போயிருச்சு. ஹைவேல காத்து இறங்குனா உங்களுக்குத் தெரியவே தெரியாது. அம்மாவ வேற கூட்டிட்டுப் போறீங்க." டிராயரிலிருந்து கறுப்பாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுதாங்க்கா, சக்கரத்துக்குள்ள இருக்கும்" என்றான். அம்மா பேரைச் சொன்னதும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு சென்சார் 3,600, நான்குக்கு 14,400. புரோகிராமிங் 2,000. மொத்தம் 16,400 ரூபாய். போனிலேயே அனுப்பினேன். ஏசி அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தால் விளக்கு அணைந்திருந்தது, வால்வுக்குப் புது மூடி பளபளவென்று இருந்தது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் "சென்சார் வேலை" என்று எழுதித் தந்தான். அதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

போன புதன்கிழமை மறுபடி விளக்கு. இந்தத் தடவை நிஜமாகவே பின் இடது டயரில் ஆணி. வீட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது, "உள்ளே சென்சார் இருக்கு, பார்த்துக் கழட்டுங்க" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னேன். ஒன்றிலும் இல்லை. அங்கேயே கை நடுங்கியது.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. என் வண்டி மாடலுக்கு டயருக்குள் சென்சாரே கிடையாது! பிரேக்குக்காக இருக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கின்றன. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விளக்கு எரிகிறது. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் பின் சக்கரம் எப்படியும் வேகமாகத்தான் சுற்றும், வண்டி அதைக் காற்று இறங்கியதாக எடுத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு, காற்றைச் சரிபார்த்துவிட்டு ஸ்க்ரீனில் ரீசெட் கொடுப்பது. அவ்வளவுதான். டயர் மாற்றிய அன்றே அந்தக் கடை செய்திருக்க வேண்டிய, ஒரு நிமிஷ வேலை. அதற்கு 16,400 ரூபாய்.

கடைக்குப் போன் செய்தேன். "ஓனர் ஊர்ல இல்லை." நேரில் போனேன். "நீங்க வேற கடைல கழட்டிருக்கீங்க, அவங்க எடுத்திருப்பாங்க." அந்த வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் மனுஷன் மேல் திருட்டுப் பழி! சரி, என் வண்டிக்குச் சென்சாரே கிடையாதே என்று கம்பெனி புத்தகத்தின் பக்கத்தைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "வீட்டுல சார வரச் சொல்லுங்க மேடம், அவர்ட்ட பேசிக்கிறோம்." வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், 16,400 கொடுத்தது நான். எந்த சாரிடம் பேசப் போகிறார்கள்? அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நேற்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நிதானம் இல்லை. நாலு வார்த்தை மட்டும். உங்கள் வண்டி ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாகக் காற்றழுத்த எண் காட்டினால் உள்ளே சென்சார் இருக்கிறது. வெறும் விளக்கும் ரீசெட்டும் மட்டும் என்றால், காசு கொடுக்கும் முன் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். நிஜமான சென்சாரில் பேட்டரி உள்ளேயே அடைத்திருக்கும், பொதுவாக ஐந்து முதல் பத்து வருஷம் வரும். மூன்று வருஷ வண்டியில் நான்கும் ஒரே நாளில் போய்விட்டது என்றால் நம்பாதீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு, அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் புரோகிராமிங். அந்த எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழையதைக் கையில் வாங்குங்கள். டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுங்கள், ஏசி அறைக்குள் போகாதீர்கள். ரீசெட் கொடுப்பதாக இருந்தால், ஓடாமல் ஆறிய டயரில் காற்றைச் சரிசெய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். குறைந்த காற்றோடு கொடுத்தால் வண்டி அதையே சரியென்று பதிந்துகொள்ளும்.

அந்தத் துண்டுத்தாளும் பணம் அனுப்பிய ரசீதும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்.