கியர் மெதுவாக விழுகிறதா? உடனே கியர் பெட்டியைப் பிரிக்கச் சொல்பவர்களிடம் உஷார்

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டி ஓட்டுபவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இதை அவசியம் படியுங்கள். "கியர்பாக்ஸை முழுசாப் பிரிச்சு சிங்க்ரோ ரிங் எல்லாம் மாத்தியாச்சு" என்று பில் போட்டு என்னிடம் பணம் வாங்கியது ஒரு பட்டறை. (சிங்க்ரோ ரிங் என்பது, கியர் மாறும்போது பெட்டிக்குள் சுற்றும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்.) அவர்கள் அந்தப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. இறக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் பழுது அதில் இல்லை.

என் கார் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பாணியில் கட்டியது. குழாய்ச் சட்டம், முன்னால் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், ஃபோர்டு சியராவிலிருந்து எடுத்த டைப் 9 ஐந்து கியர் பெட்டி, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கியர் மாற்றுவது கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க ஆரம்பித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் லிவர் பாதி வழியில் நின்றுவிடும். அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால் பிறகு உள்ளே போகும். நின்ற இடத்தில் ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று பல் உரசும். சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நின்றால் சிறிது நேரத்தில் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். இதில் முக்கியமானது ஒன்று: கிளட்ச் பெடலைச் சட்சட்டென்று இரண்டு முறை மிதித்துவிட்டுப் போட்டால் எந்தக் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும்.

இது அத்தனையும் நான் அந்தப் பட்டறையில் சொன்னேன். பாகங்களாக வாங்கி நாமே கட்டும் கிட் கார்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து, கிளட்ச் ஆயில் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "ஆயில் லெவல் அப்படியே இருக்கு சார், எங்கயும் கசிவு இல்ல. கிளட்ச் பக்கா. சிங்க்ரோ போயிடுச்சு, பெட்டியைப் பிரிச்சே ஆகணும்" என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. பெடலில் கால் வைக்கவில்லை.

அவர் சொன்ன காரணமே தவறு என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்தால், அழுத்தத்தில் இருக்கும் ஆயில் அந்த சீலைத் தாண்டி மேலே டப்பாவுக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுகூட வராது, லெவலும் குறையாது. ஆனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே மறுமுனையில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடு மெல்லப் பின்வாங்கும், கிளட்ச் பாதி ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை மிதித்தால் சரியாவது அதனால்தான்: இரண்டாவது மிதியில் ஆயில் புதிதாகத் தள்ளப்படுகிறது. சிங்க்ரோ ரிங் தேய்ந்திருந்தால், பெடலை எத்தனை முறை மிதித்தாலும் அதற்கு என்ன தெரியப்போகிறது?

கிளட்ச் முழுதாக விடாவிட்டால் கியர் ஏன் மெதுவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியர் மாற்றும்போது பித்தளை சிங்க்ரோ ரிங், கியரின் கூம்புப் பரப்பைப் பிடித்து, அதன் வேகத்தை ஷாஃப்டின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்ச் சுத்தமாக விட்டிருந்தால், அது அடக்க வேண்டியது கிளட்ச் தட்டு, அதிலிருந்து பெட்டிக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட், அதோடு சுற்றும் கியர்கள் ஆகியவற்றின் சுழற்சியை மட்டும்தான். நொடியில் முடிகிற வேலை. கிளட்ச் இழுத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் அந்தத் தட்டை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சின்ன ரிங் எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படியே ஓட்டினால் நல்ல ரிங்கும் தேய்ந்துபோகும். என் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். கிளட்சை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள், நான் மிச்சம் வைத்திருந்த நல்ல சிங்க்ரோவையும் தேயத்தான் அனுப்பினார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது பழைய பழுது அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, கியரை வேகமாகத் தள்ளினால் முன்பு வராத உரசல் சத்தமும் சேர்ந்திருந்தது. ஃபோன் செய்து கேட்டதற்கு, "புது ரிங் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். அதோடு, அடுத்த கட்டமாக லேசான ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) போட்டால் கியர் "பறக்கும்" என்று ஒரு தூண்டிலும் போட்டார்கள். கிளட்சை மிதித்த பிறகு ஃப்ளைவீல் எஞ்சினோடுதான் சுற்றும், பெட்டியோடு அல்ல. லிவர் உள்ளே போகாமல் நிற்பதற்கும் அதன் எடைக்கும் சம்பந்தமே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் சுற்று சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். கட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் முறுக்கியதும், போல்ட் தலையிலிருந்து உலோகத்துக்கு ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்து வைப்பது என் வழக்கம். போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட் அத்தனையிலும் கோடு முழுசாக இருந்தது. பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் சேருமிடத்திலும், பெட்டியைத் தாங்கும் மவுன்டிலும் அப்படியே. மேலே படிந்திருந்த சாலைப் புழுதிகூடக் கலையவில்லை. பக்கவாட்டில் உள்ள ஆயில் நிரப்பும் பிளக்கைச் சுற்றி மட்டும் துடைத்த தடம். டைப் 9 பெட்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றாமல் மெயின் ஷாஃப்டை வெளியே எடுக்க முடியாது. மெயின் ஷாஃப்ட் வெளியே வராமல் சிங்க்ரோ ரிங்கை மாற்ற முடியாது.

"வேலை நடக்கும்போது எடுத்தது" என்று அவர்கள் அனுப்பிய படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். திறந்து கிடந்த அந்தப் பெட்டிக்குள்ளேயே, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் பளிச்சென்று தெரிகிறது. அது முன்சக்கர ஓட்டக் காரின் கியர்பாக்ஸ். என் காரின் டிஃபரன்ஷியல் இருப்பது பின் அச்சில்.

புதிதாக வந்த உரசலுக்குக் காரணம் பில்லிலேயே இருந்தது. "பிரீமியம் கியர் ஆயில்" என்று எழுதி, பக்கத்தில் 80டபிள்யூ-90 ஜிஎல்-5, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கானது என்ற விவரமும் போட்டிருந்தார்கள். (80டபிள்யூ-90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை, ஜிஎல் எண் அதன் தரவகை.) டிஃபரன்ஷியலுக்கு அது நல்ல ஆயில். பித்தளை சிங்க்ரோ உள்ள பெட்டிக்கு ஆகாது. சிங்க்ரோ ரிங் உரசிப் பிடித்தால்தான் வேலை செய்யும். வழுக்குவதற்கென்றே சேர்மானம் கலந்த ஆயிலில் அது பிடிக்காமல் நழுவும். ஜிஎல்-5 வகையில் அதிகமாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் கூடும். இத்தகைய பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 75டபிள்யூ-90 ஜிஎல்-4.

பிறகு நானே அளந்து பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் 16 மி.மீ., ஸ்லேவ் 19 மி.மீ. விட்டம். பரப்பளவு விகிதப்படி, மாஸ்டர் 25 மி.மீ. தள்ளினால் ஸ்லேவ் ராடு 18 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகர வேண்டும். நண்பரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ராடின் பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன். மிதித்ததும் 17 மி.மீ. அரை நிமிடம் போவதற்குள் கண்ணெதிரே 11-க்கு இறங்கிவிட்டது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால் சீலின் உதட்டில் ஒரு பக்கம் மழுங்கி, கறுப்புக் குழம்பாக இருந்தது. சீல் செட்டை மாற்றி, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி (பிளீட் செய்து), பெட்டியில் ஜிஎல்-4 ஊற்றியதும் ரிவர்ஸ்கூடச் சத்தமில்லாமல் விழுகிறது. சீல் செட்டின் விலை, அவர்கள் போட்ட பில்லில் ஆயிலுக்கு மட்டும் வாங்கியதைவிடக் குறைவு.

யாராவது உங்களிடம் "சிங்க்ரோ போச்சு" என்று சொன்னால், பெட்டியில் கை வைக்க விடுவதற்கு முன் இவ்வளவையும் செய்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கட்டும். அணைத்த நிலையில் லேசாகவும் ஓடும்போது கடினமாகவும் இருந்தால் சந்தேகம் கிளட்ச் மேல்தான் போக வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடட்டும். டைப் 9 மாதிரி ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாத பெட்டிகளில், கிளட்ச் விட்டிருந்தால் அந்தச் சில நொடியில் ஷாஃப்ட் நின்றிருக்கும், உரசல் வராது. ஸ்லேவ் ராடு எவ்வளவு நகர்கிறது, நகர்ந்த இடத்திலேயே நிற்கிறதா என்று அளக்கட்டும். பெடலை மிதிக்கும்போது எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு வளைகிறதா, ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நாமே கட்டும் கார்களில் இந்த இரண்டும் ராடின் நகர்வைத் தின்றுவிடும். மாறாக, ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்து மற்றவை நன்றாக இருந்தால், அப்போது சிங்க்ரோவைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

வண்டியை ஒப்படைக்கும் முன் போல்ட்களில் பெயின்ட் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். நான் பெயின்ட் கோட்டின் படங்களையும் அவர்களே அனுப்பிய படத்தையும் பில்லோடு இணைத்து, என்னிடமிருந்து கழற்றியதாகச் சொல்லும் பழைய ரிங்குகளைக் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். "பழசெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு" என்று ஒரு வரி பதில் வந்தது. பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி பில் வாங்கியவர்கள் இருந்தால், பெட்டியில் இப்போது என்ன ஆயில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். தவறான ஆயில் என்றால் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.