பழைய நாட்டுப்புற வீட்டுக்கு லெவல் 3 சர்வே: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இங்கிலாந்தில் ‘நவீனப்படுத்த வேண்டும்’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வரும் விக்டோரியா காலத்து வீட்டுக்கு ஆர்.ஐ.சி.எஸ். (பட்டய சர்வேயர்களின் அமைப்பு) வகுத்த லெவல் 2 சர்வே, அதாவது வாங்கும் முன் வீட்டின் நிலையைப் பார்த்துத் தரும் அறிக்கை, போதாது. அதைவிட விரிவான லெவல் 3 எடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் காரணமும் சரிசெய்யும் வழியும் அதில் வரும்.

ஆனால் இது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்க்கும் ஆய்வு. தரைப்பலகையைப் பெயர்க்க மாட்டார்கள், வயரிங்கைச் சோதிக்க மாட்டார்கள். மின்சோதனையும் கழிவுக்குழாய்க் கேமரா ஆய்வும் தனிச் செலவு. செப்டிக் டேங்க் நீர் நேராக ஓடையில் விழுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 2020 முதல் அதற்கு அனுமதி இல்லை.

அறிக்கையில் கவனமாகப் படிக்க வேண்டியது ஈரம் பற்றிய பகுதி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய திடச்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். பின்னாளில் யாரோ பூசிய சிமென்ட் அதை அடைத்துவிடும். சுவருக்குள் செருகிய உத்தர முனைகள் உளுத்துப்போகும். ஈரமானி மரத்துக்காக அளவுசெய்யப்பட்ட கருவி. சுவரில் உப்புப் பூத்திருந்தாலே எண் எகிறும். அந்த எண்ணை மட்டும் காட்டி ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயன ஊசி போடச் சொன்னால் ஏற்காதீர்கள், வீண் செலவு. முதலில் மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்து, வெளிமண்ணை உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்த்தி, சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுங்கள். சுவர் காயப் பல மாதங்கள் ஆகும்.

அரசின் பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடமாக (listed building) இருந்தால், முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றங்களைத் திருத்தும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். அதை வழக்கறிஞர்தான் தேட வேண்டும். வீடு 2 ஆண்டுகள் காலியாகக் கிடந்திருந்தால் புதுப்பிப்புக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) 5%தான். காலியாகக் கிடந்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள்.