ஸ்டோரிவீவர்: வீட்டிலேயே தமிழ் வாசிக்கப் பழக்கிய அனுபவம்

புனேயில் இருக்கிறோம். மகள் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள். பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும்தான். தமிழ் வாசிக்கப் பழக்க, பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தை இரண்டு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறோம். இலவசம். கதைகள் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாக இருக்கும், பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். நான் அச்சடித்துத்தான் கொடுக்கிறேன். போனில் கொடுத்தால் படத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போய்விடுகிறாள்.

247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்கவில்லை. உயிர், மெய், குறிகள் பிடிபட்டதும் கதைக்கு வந்துவிட்டோம். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பது அவளைக் குழப்பவில்லை. ஹிந்தியிலும் ‘கி’யின் குறி இடப்பக்கம்தானே. தடுக்கியது வேறு இடத்தில். ஹிந்தியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் பக்கம், பங்கு, நகம் மூன்றுக்கும் ஒரே ‘க’. ‘நகம்’ வெகுநாள் ‘நக்கம்’ ஆகவே இருந்தது. விதியைச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. ஆனால் பூனை நகத்தால் கீறுகிற படம் பக்கத்தில் இருந்தால், “நக்க... ஓ, நகம்!” என்று தானே திருத்திக்கொள்வாள். காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்கும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

தெரியாத சொல்லில்தான் திண்டாட்டம். நிலை 1 கதையிலும் ‘பார்த்துக்கொண்டிருந்தது’ மாதிரி ஒரு வினை வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வீட்டில் நாங்கள் சொல்வது ‘பாத்துட்டிருந்துச்சு’. இதில் தளத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் எழுத்துத் தமிழ் அப்படி. அங்குள்ள கதைகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றி எழுதிக்கொள்ளலாம். சில கதைகளை எங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றி அச்சடித்தேன். முதலில் அது, அப்புறம் மூலக்கதை. எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த வசதிதான்.

எழுத்துப் பயிற்சிக்கு வேறொரு செயலி போட்டிருந்தோம். எழுத்தை எந்த முனையில் தொடங்கினாலும் நட்சத்திரம் கொடுத்தது, எடுத்துவிட்டேன். இப்போது வாசித்த கதையைப் படமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதுகிறாள். ‘பூணை ஓடிறுச்சி’ என்று வரும். பேச்சில் ன-ண, ர-ற வித்தியாசமே கேட்காதபோது அவள் என்ன செய்வாள்? சிவப்பு மை தொடுவதில்லை. அதே சொல் கதையில் மறுபடி வரும்போது விரலால் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்தத் தளத்தைத் தாராளமாகச் சொல்வேன். பேசவே வராத பிள்ளை என்றால் கதையை மட்டும் கையில் கொடுத்துப் பயனில்லை; யாராவது கூட உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.