பந்துவீச்சையும் ரெய்டையும் அளக்க: போனா, சென்சாரா, லேபா?

கபடியில் ரெய்டர் சட்டென்று திரும்பும்போது முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுவது, பெரும்பாலும் பாதம் தரையைத் தொட்டு 50 மில்லிநொடி ஆவதற்குள் முடிந்துவிடும். நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் வீடியோவில் அந்த நேரத்துக்குள் ஒன்றிரண்டு படம்தான் விழும். 240 ஃப்ரேமில் பன்னிரண்டு. ஆகவே பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறவருக்கு முதல் கருவி ஸ்லோமோஷன் உள்ள போன்தான்.

வேகப்பந்து வீச்சாளரை எடுக்க, வீச்சாளர் முன்கால் ஊன்றும் கோடான பாப்பிங் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ட்ரைபாட். கோணம் சரிந்தால் முழங்கால் மடக்கு உள்ளதைவிடக் கூடவோ குறையவோ தெரியும். அவர் ஓடிவரும் கோட்டிலேயே ஒரு ஸ்டம்பை நட்டு அதையும் படம் பிடியுங்கள், அதன் 71.1 செ.மீ. உயரம்தான் பிறகு அளவுகோல். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று ட்ரைபாடை ஆட்டும், அதன் காலில் மணல்மூட்டை கட்டுங்கள். காலை வெயில் போதும். இரவு விளக்கில் 240 ஃப்ரேம் எடுத்தால் படம் மினுங்கும்.

வீடியோவில் கோணமும் நேரமும் அளக்கும் கினோவியா மென்பொருள் இலவசம், விண்டோஸில் ஓடும். பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு: 240-ல் எடுத்த படம் 30-ல் ஓடும்படி சேமிக்கப்பட்டிருந்தால், எடுத்த வேகத்தை மென்பொருளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எல்லா நேரமும் எட்டு மடங்காகக் காட்டும்.

ரெய்டருக்கு இன்னும் சுலபம். 30 செ.மீ. பெட்டியிலிருந்து குதித்து இறங்கச் சொல்லி முன்னாலிருந்து எடுங்கள். இடுப்பெலும்பு முனை, முழங்கால் சில்லு, கணுக்கால் நடு மூன்றிலும் டேப். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதற்கு இது போதும்.

உடம்பில் கட்டும் சென்சார் பட்டை கோணம் அளக்க அவ்வளவு தோதில்லை. வியர்வையில் வழுக்கும், சுழற்சியை அளக்கும் கைரோவின் கணக்கு நேரம் போகப்போக நகர்ந்துவிடும், பக்கத்தில் இரும்பு இருந்தால் திசை காட்டும் காந்தமானி குழம்பும். கபடி ஆட்டத்தில் கட்டவே கூடாது, பிடிக்கிறவன் கையைக் கிழிக்கும். ஒரு வாரத்தில் எத்தனை பந்து, எத்தனை குதிப்பு என்று சுமையை எண்ணத்தான் அது லாயக்கு. அதற்கும் சின்ன அணியில் ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்பேன்.

போனால் முடியாதவை இரண்டு. வீசுகிறாரா எறிகிறாரா என்று அறிய, முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்கிறதா என்பது ஒன்று: கை சுழலும்போது இயல்பான வளைவுகூட மடக்காகத் தெரியும். பின்கால் ஊன்றியதிலிருந்து முன்கால் ஊன்றும்வரை தோள் எதிர்த்திசையில் எவ்வளவு திருகுகிறது என்பது மற்றது. கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவதோடு தொடர்புள்ளது இந்தத் திருகல். பக்கவாட்டுப் படத்தில் சிக்காது. இவற்றுக்கு உடம்பில் சின்ன உருண்டை மார்க்கர்களை ஒட்டி, அகச்சிவப்புக் கேமராக்கள் சூழ எடுக்கும் முப்பரிமாண லேப்தான் வழி. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிச் சென்னை போனால், ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஸ்ரீ ராமச்சந்திரா மையம் போரூரில் இருக்கிறது.

லேபிலும் ஒரு கண் வேண்டும். கால் ஊன்றும் விசையை அளக்கத் தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட்டில் கால் விழ வேண்டுமே என்று வீச்சாளர் அடி வைப்பதை மாற்றிக்கொள்வார். அந்தப் பந்துகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்; ஊரில் எடுத்த பக்கவாட்டு வீடியோவையும் கையோடு கொண்டுபோனால், ஓட்டம் மாறியிருப்பது உடனே தெரிந்துவிடும்.